முள்ளுச்செருப்பும் நெஞ்சுக் காய்ப்பும்

உயிரோடு நிற்கிற மரத்தில் இரும்பு முள்ளைக் குத்திக் குத்தி ஏறலாமா, கூடாதா? மடத்துக்குளம், கணியூர், கொழுமம், குமரலிங்கம் பக்கத்துத் தோப்புகளில் இப்போது இது ஒரு கேள்வியாகியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வாரால் இறுக்கிக் கட்டுகிற இரும்புச் சட்டம், பாதத்தின் உள்பக்கம் இரண்டு மூன்று அங்குல நீளத்தில் கூரான ஒரு முள். அவ்வளவுதான் கருவி. எங்கள் வளவுப் பையன்கள் இதை முள்ளுச்செருப்பு என்கிறார்கள். இணையத்தில் பணம் கட்டினால் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. தளைக்கயிறு பழக வருசக்கணக்கில் ஆகும். இதற்கு ஒரு வாரம் போதும்.

தோப்புக்காரர்கள் கூடாது என்கிறார்கள். மர ஆர்வலர்கள் கூடாது என்கிறார்கள். வேளாண்மை படித்தவர்களும் கூடாது என்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் ஒரே குரலில் பேசினால் அந்த இடத்தில் ஏறுகிறவன் ஒருவனும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லாமல் போனவர்களில் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "ஏனுங்ணா, மரத்துக்கு நோகுது மரத்துக்கு நோகுதுன்னு இத்தனை பேர் பேசறாங்களே, உளுந்து கெடக்கறவனுக்கு நோகுதுன்னு ஒருத்தனாச்சும் பேசுனானா?"

கேள்வி நியாயமானது. ஆனால் இதிலிருந்து அவன் 'அதனால குத்துனா என்ன' என்ற முடிவுக்குப் போகிறான். அங்கே நான் அவனோடு போகவில்லை. உயிருள்ள மரத்தில், முக்கியமாகத் தென்னையிலும் பனையிலும், முள்ளால் குத்தக்கூடாது என்பதுதான் என் கட்சியும். தோப்புக்காரர் சொல்கிற காரணத்துக்காக அல்ல. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மரத்தைப் பேசிவிடுவோம். வேம்பு, புளி, வாகை மாதிரி கிளை விடுகிற மரங்களில் பட்டைக்கு அடியில் மெல்லிசாக ஒரு உயிர்ப்படலம் இருக்கிறது. மரம் பெருப்பதும் புதுப்பட்டை கட்டுவதும் அதிலிருந்துதான். முள் அதைக் கிழிக்கிறது. நம் தோலில் காயம் பட்டால் அதே இடத்தில் புதுத்தோல் வந்துவிடுகிறது. மரத்துக்கு அது கிடையாது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் மரங்களை நீளவாக்கில் அறுத்து அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லையாம். காயத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் கட்டி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறதாம். கெட்டது கெட்டபடி உள்ளேயே இருக்கும். வெளியே பார்க்கிறவனுக்கு மரம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

தென்னை, பனையின் கதை இன்னும் மோசம். இவற்றுக்கு அந்த உயிர்ப்படலமே கிடையாது. உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் தொல்காப்பியத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. புல்லின் தண்டில் விழுந்த ஓட்டை ஓட்டைதான். அந்த மரம் சாகிறவரைக்கும் அது மூடாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 அடி தென்னை. அடிக்கு ஒரு குத்து என்றால் ஏற 60, இறங்க 60. 45 நாளைக்கு ஒரு வெட்டு. வருசத்துக்கு 8 வெட்டு. ஒரே மரத்தில் வருசத்துக்கு 960 ஓட்டை. பத்து வருசத்தில் அந்தத் தண்டு என்ன ஆகும்? புதுக்காயத்திலிருந்து வருகிற வாசம் சிவப்புக் கூன்வண்டைக் கூப்பிடுகிறது. அது காயத்தில் முட்டை வைக்கிறது. புழு உள்ளே துளைத்துக்கொண்டு போகிறது. ஓட்டை வழியாகப் பூசணம் இறங்கினால் தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடியத் தொடங்கும். பிறகு கெட்ட பகுதியைச் செதுக்கி எடுத்துப் போர்டோ பசையோ தாரோ பூசிக்கொண்டு கிடக்க வேண்டும். தண்டில் படி வெட்டாதே, வேறு காயமும் படுத்தாதே, பச்சை மட்டையை வெட்டுவதானால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் தள்ளி வெட்டு என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதற்காகத்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. அவர்கள் சொல்வது சரி.

ஆனால் அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நான் நிறுத்த மாட்டேன். புழு தின்று உள்ளே கூடாகிப்போன மரம் ஒருநாள் கொண்டையோடு முறியும். காற்றில் முறிந்தால் தோப்புக்காரருக்கு ஒரு மரம் நட்டம். ஆள் மேலே இருக்கும்போது முறிந்தால்? 45 நாளைக்கு ஒருமுறை அந்த மரத்தில் ஏறப்போகிறவன் யார்? முள் குத்தியவனே ஏறுவான். அல்லது அவன் தம்பி. அல்லது பக்கத்து வளவிலிருந்து வருகிற ஒருத்தன். இன்றைக்கு மரத்தில் போடுகிற ஓட்டை நாளைக்கு நம்மில் ஒருவனின் இடுப்பில்தான் விழும். முள்ளுச்செருப்பு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மரத்தின் உடம்பும் ஏறுகிறவன் உடம்பும் இந்தத் தொழிலில் ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கின்றன. மரத்தை நேசிக்கிறேன் என்று சொல்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவன் மேலே இருக்கிறான். அவனை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

எங்கய்யன் 30 வருசத்துக்கு மேல் மரம் ஏறியவர். ஏறுவதற்கு முன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். உள்ளங்கையால் இரண்டு இடத்தில் தட்டி ஓசை கேட்பார். தண்டில் சாறு காய்ந்த தடம் இருக்கிறதா, ஓட்டையில் மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருக்கிறதா, நடுக்குருத்து வாடியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். சந்தேகம் இருந்தால், "இது வேண்டாமுங்க" என்று அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். 'சோம்பேறி' என்று பேச்சும் வாங்குவார். எந்தக் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை. வண்டு விழுந்த மரத்தை முதலில் கண்டுபிடிக்கிற ஆள் எப்போதும் ஏறுகிறவன்தான். அந்த அறிவுக்கு இதுவரை யாரும் கூலி கொடுத்ததில்லை.

அவர் ஏறியதெல்லாம் தளைக்கயிறில். இரண்டு காலையும் சேர்த்துக் கயிற்றுக்குள் விட்டு, உள்ளங்காலால் மரத்தைக் கவ்வி, நெஞ்சை மரத்தோடு சேர்த்து, கையால் தழுவி, தவளை மாதிரி எம்பி எம்பி ஏற வேண்டும். மரத்தில் ஒரு கீறல் விழாது. எல்லாக் கீறலும் உடம்பில் விழும். நெஞ்சில் இரண்டு பக்கமும், முழங்கையின் உள்பக்கம், கணுக்கால், பாதத்தின் ஓரம் எல்லாம் தோல் தடித்துக் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். பனை ஏறுகிறவர்கள் நெஞ்சுக்குத் தோல் பட்டை கட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் தென்னை ஏறுகிறவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. பழைய சாக்கு, கிழிந்த பனியன். திருப்பூரில் கோடிக்கணக்கில் பனியன் தைக்கிறார்கள். எங்கய்யன் மார்புக்கு வந்து சேர்ந்தது கழிவுக் கட்டில் வந்த ஓட்டைப் பனியன். தென்னை காய்த்தால் காய்ப்பு. நெஞ்சு காய்த்தாலும் காய்ப்பு. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது. பலன் மட்டும் ஒரே ஆளுக்கு வரவில்லை.

ஆக, 'மரத்துக்குக் காயம் படாமல் ஏறு' என்று இன்றைக்கு அறிவியலின் பேரில் சொல்கிறார்களே, அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் நம் ஆட்கள்தான். மரத்தில் விழவேண்டிய காயத்தைத் தன் தோலில் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். இதற்கு அறம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அவர்களுக்கு வைத்த பெயர் 'மரமேறி'. தமிழில் இது ஒரு தொழிற்பெயர் அல்ல, வசவு. தெற்கே நாடார் சமூகத்தார்மீது எறியப்பட்ட வசவு. கொங்கில் எந்தச் சாதியான் ஏறினாலும் அவன்மீது எறியப்படுகிற வசவு. மரம் வைத்திருப்பவன் தோப்புக்காரர். வாங்குகிறவன் வியாபாரி. ஏறுகிறவன் மட்டும் மரமேறி. "மரமேறி வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று நம் வளவுக்குள்ளேயே கேட்கிறார்கள். இந்த விசயத்தில் ஆதிக்க சாதியை மட்டும் திட்டி நாம் தப்பிக்க முடியாது.

வெட்டிப் போட்ட காயில் ஒரு பங்கு பழனிக்குப் போகிறது, சாமிக்கு உடைக்க. ஒரு பங்கு கொப்பரையாகிக் காங்கேயத்துக்குப் போகிறது, எண்ணெய் ஆட்ட. காய்க்குத் தீட்டு இல்லை. அதைத் தொட்டு வெட்டின கைக்குத் தீட்டு உண்டு. நான் சின்னப் பையனாக அம்மாவோடு காய் பொறுக்கப் போன தோட்டத்தில் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றியது கொட்டாங்குச்சியில். எங்கய்யன் வெட்டின காயின் கொட்டாங்குச்சி. அம்மா அதை வேலி ஓரத்தில் கவிழ்த்து வைப்பாள், அடுத்த வெட்டுக்கு வேண்டும் என்று.

இது ஒருபுறமிருக்க, 'மரத்துக்கும் உயிர் உண்டு, தமிழன் மரத்தை நேசித்தவன்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் தவறாமல் பாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரி. நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரி கொடுத்தது தன்னுடைய தேரை. வழியில் போன ஏழையின் மாட்டுவண்டியைப் பிடுங்கிக் கொடிக்குப் பந்தல் போட்டுவிட்டு வள்ளல் பட்டம் வாங்கவில்லை. வள்ளலாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், பயிர் வாடியதைக் கண்டு மனம் வாடியவர் என்று. அதே வள்ளலார்தான் 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்கு அடுப்பு மூட்டினார். பயிருக்கு இரங்கிய மனசு மனிதனிடம் வந்ததும் மரத்துப்போய்விடவில்லை. இன்றைய மரநேசர்கள் கொடுக்கச் சொல்வது யாருடைய தேரை? 'முள் போடாதே' என்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை ஏறுகிறவன் தோலிலும் முதுகெலும்பிலும் வசூலித்துவிட்டு, அறத்தை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார்கள்.

தோப்புக்காரர் மரத்துக்கு நோகாமலா நடத்துகிறார்? கூன்வண்டு விழுந்தால் தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றி சிமெண்ட் வைத்து அடைக்கிறார். எலி ஏறக்கூடாது என்று தண்டைச் சுற்றித் தகரம் வைத்து ஆணி அடிக்கிறார். கல்லுக்கால் ஊன்றக் காசாகும் என்று வேலிக்கம்பியை ஓரத்து மரங்களிலேயே இழுத்து ஆணி இறக்குகிறார். கடைக்காரரும் கட்சிக்காரரும் சாலையோர வேம்பில் அட்டையை வைத்து அடிக்கிறார்கள். 2019இல் சென்னை மாநகராட்சி இதற்கு அபராதமும் சிறையும் என்று அறிவிக்கும் அளவுக்குப் போனது. மருந்துக்குப் போடுகிற துளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது மரத்தைக் காப்பாற்றப் போடுவது. ஆனால் இத்தனை துளைக்கும் வராத தர்மசங்கடம், உயிர் பயத்தில் ஒருவன் காலில் முள்ளைக் கட்டும்போது மட்டும் வந்துவிடுகிறதே, அது எப்படி? மரம் சொத்தாக இருக்கிறவரைக்கும் அதன் காயம் நட்டக் கணக்கில் வரும். மனிதன் கூலியாக இருக்கிறவரைக்கும் அவன் காயம் எந்தக் கணக்கிலும் வராது.

ஆனைமலைக் காட்டில் காடர்கள் தேனெடுக்க உயரமான மரங்களில் மூங்கில் முளைகளை அடித்துக்கொண்டே ஏறுவதை எட்கர் தர்ஸ்டன் தன்னுடைய 1909ஆம் ஆண்டு நூலில் பதிந்திருக்கிறார். தர்ஸ்டன் நம் மூக்கையும் மண்டையையும் அளந்து பார்த்த துரை. அவர்மேல் எனக்கு மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் தகவல் தகவல்தான். அதுவும் மரத்தைக் குத்துகிற வேலைதானே, அதைக் கண்டிப்பாயா என்று கேட்கலாம். கண்டிக்க மாட்டேன். வெளியே ஓரத்தில் தேடி, தேன் இருக்கிற ஒரு பெருமரத்தில், தனக்காக ஏறுகிறவன் அடிக்கிற முளை வேறு. 45 நாளைக்கு ஒருமுறை ஆயிரம் மரத்தில், அடுத்தவன் லாபத்துக்காக ஏறும்போது குத்துகிற முள் வேறு. எத்தனை குத்து, யாருக்காகக் குத்து, குத்துகிறவனுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்காமல் 'காயம் காயம்தான்' என்பது சோம்பேறி அறம்.

வெளிநாட்டில் இதற்கு எழுதிவைத்த விதி உண்டு. அமெரிக்காவில் மரக் கவாத்துக்கு ஏ300 என்று ஒரு தர விதித் தொகுப்பு இருக்கிறது. கவாத்துக்காக ஏறும்போது முள் பயன்படுத்தக்கூடாது என்கிறது அது. மரத்தையே அடியோடு எடுப்பதானால் பயன்படுத்தலாம். சில விலக்குகளும் வைத்திருக்கிறார்கள்: பட்டை மிகத் தடித்து உள்ளே காயம் போகாது என்றால், ஏறுவதற்கு வேறு வழியே இல்லை என்றால், இப்படி. இவற்றில் என்னை நிறுத்திய விலக்கு ஒன்று உண்டு. மேலே ஏறினவன் அடிபட்டுச் சிக்கிக்கொண்டால், அவனை இறக்க முள்ளோடு ஏறலாம். அதாவது மனித உயிர் என்று வந்துவிட்டால் மரத்தின் காயம் இரண்டாம்பட்சம் என்று அந்த விதிக்குத் தெரிந்திருக்கிறது. சரி, அடிபட்டபின் உண்டு என்கிற இந்த நியாயம் அடிபடுமுன் ஏன் இல்லை? அங்கே அதற்குப் பதில் இருக்கிறது: முள்ளைத் தடுக்கிற கையாலேயே இடுப்புப் பட்டை, இரட்டைக் கயிறு, தலைக்கவசம் எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். அந்தப் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நம்மூருக்கு இறக்குமதி செய்கிறார்கள்.

இப்போது எங்கள் பக்கத்தில் கேரள வேர்வாடல் நோய் வந்து தென்னைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பொள்ளாச்சி, ஆனைமலையில் தொடங்கி உடுமலை வரைக்கும் தோப்புத் தோப்பாக வெட்டிச் சாய்க்கிறார்கள். அந்த மரங்களில் ஏறி நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்க முள்ளுச்செருப்பு தேவையான கருவி, தாராளமாகப் போடட்டும். சாகப்போகிற மரத்துக்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதே முள்ளோடு பக்கத்து நல்ல மரத்துக்குத் தாவுவதுதான் நடக்கிறது.

அப்படியானால் நல்ல மரத்தில் எப்படி ஏறுவது? வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி ஒரு கருவி செய்தார். தண்டைச் சுற்றிக் கம்பி வடம் கவ்வும்; இரண்டு பக்கமும் மிதி வைத்து நின்றுகொண்டு மாற்றி மாற்றி மிதித்து ஏறலாம். மரத்துக்குக் காயமில்லை, நெஞ்சுக்கும் காயமில்லை. 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கி இந்தக் கருவியில் பயிற்சி கொடுத்தது. ஏறுகிறவர்களுக்கு 'கேர சுரக்‌ஷா' என்ற விபத்துக் காப்பீடும் வாரியத்தில் இருக்கிறது. நல்ல திட்டம். பெயரைப் பாருங்கள்: மரத்தின் நண்பர்கள். மரமேறியின் நண்பர்கள் என்று ஒரு திட்டம் எப்போது வரும் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

கருவி இருக்கிறது, பிறகு ஏன் நம் பையன்கள் முள்ளுக்குப் போகிறார்கள்? 'படிப்பறிவு இல்லை' என்பார்கள். காரணம் படிப்பறிவு இல்லை, கூலி முறை. எங்கள் பக்கம் மரத்துக்கு இவ்வளவு என்று பேசித்தான் கூலி. மரத்தை முடித்தால் காசு, முடிக்காவிட்டால் இல்லை. கருவியை ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்ற நேரம் ஆகும். தளைக்கயிறில் கைதேர்ந்தவன் நாலு மரம் இறங்குகிற நேரத்தில் கருவிக்காரன் இரண்டோ மூன்றோதான் முடிப்பான். பாதுகாப்பாக ஏறினால் பாதிக் கூலி என்று அர்த்தம். இடுப்புக் கயிறு போட்டாலும் இதே கதை. மரத்துக்குக் கூலி என்கிற வரைக்கும் நிதானம் நட்டம், அவசரம் லாபம். முள் அவசரத்தின் கருவி. அதைக் கையில் கொடுத்தது கூரியர்காரன் அல்ல, கூலிக் கணக்கு. ஆகவே 'மரத்தைக் குத்தாதே' என்று சொல்ல யாருக்காவது உரிமை வேண்டுமானால், முதலில் நாள் கூலிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கருவியும் கயிறும் அவர் செலவு. காப்பீட்டில் ஆள் கட்ட வேண்டிய பங்கும் அவர் செலவு. சாறு வடிகிற மரத்தில் ஏற மாட்டேன் என்று சொன்னால் அன்றைய கூலியில் கை வைக்கக் கூடாது.

'அதெல்லாம் கொடுத்தால் தென்னை கட்டுபடியாகாது' என்கிறார்கள். விலை விழுகிறது, வெள்ளை ஈ வந்தது, வேர்வாடல் வந்தது, எல்லாம் உண்மை. சின்னத் தோப்புக்காரர் பாடு எனக்குத் தெரியும். ஐம்பது மரம் வைத்திருப்பவரிடம் கருவி வாங்கச் சொல்ல முடியாது, அது கூட்டுறவுச் சங்கத்திலோ ஊராட்சியிலோ வாடகைக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் ஆயிரம் மரக்காரரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார். கட்டுபடியாகாத கணக்கை ஒருவன் முதுகெலும்பை வைத்து நேர்செய்கிற தொழில் எந்தத் தொழில்?

என் சித்தப்பா ஒருவர் ஐப்பசி மழையில் ஏறி வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தோப்புக்காரர் டெம்போ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டார். தீபாவளிக்கு வேட்டி கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் வேறு ஆளை வைத்து மிச்ச மரத்தை வெட்டி முடித்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் நல்லவர் என்று பேரெடுத்தவர். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சித்தப்பா ஆறு வருசம் படுக்கையில் கிடந்தார். முதுகுப் புண்ணைக் கழுவியது சித்தி. அவர் விழுந்த மரம் இன்னும் நிற்கிறது, காய்க்கிறது.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். வரவேற்க வேண்டியதுதான், செங்கல் சூளைக்குப் போன பனைகளுக்குக் கணக்கில்லை. பனைத் தொழிலாளர்களுக்கு நலவாரியமும் இருக்கிறது. தென்னைத் தோப்பில் கூலிக்கு ஏறுகிற நம் ஆளுக்கு அந்த வாரியத்தில் இடம் தேடினால், 'நீ பனைக்காரனா?' என்று கேட்கிறார்கள். மின்கம்பிக்கு இடைஞ்சலாக இருக்கிற புளியங்கிளையை வெட்டக் கூப்பிடுகிற ஒப்பந்தக்காரன் எந்த வாரியத்தையும் பற்றிக் கேட்பதில்லை. "சுறுசுறுப்பான பசங்க ரெண்டு பேர அனுப்புப்பா" என்று மட்டும் சொல்கிறான். புளிக்கு முள் வேண்டியதில்லை, பட்டை வெடித்து வெடித்துக் கால் வைக்க வாகாக இருக்கும், வெறுங்காலோடு ஏறிவிடுவார்கள். அங்கே கம்பியில் கரண்டு நின்றிருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதை யாரிடம் கேட்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

'மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை' என்று மடத்துக்குளம் டீக்கடைகளில் புலம்பல் அதிகமாகியிருக்கிறது. கிடைக்காதுதான். விடிகாலையில் கம்பெனி வண்டி வந்து பையன்களை அள்ளிக்கொண்டு போகிறது. பனியன் கம்பெனியில் கொடுமை இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே ஊசி விரலில் ஏறினால் காட்டுவதற்கு ஒரு இஎஸ்ஐ அட்டையாவது பலருக்கு உண்டு, பெயருக்கு முன்னால் சாதி இல்லாமல் 'டெய்லர்' என்று கூப்பிடுகிறார்கள். தோப்பில் அது இரண்டும் இல்லை. போக மனசில்லாதவர்கள், போக முடியாதவர்கள், வீட்டில் படுத்துக் கிடக்கிற ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாதவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். முள்ளுச்செருப்பு வாங்குகிறவர்கள் இவர்கள்தான்.

இவர்களில் ஏழு பேர் போன மாதம் எங்கள் வளவுச் சாவடியில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் இருந்தேன், ராத்திரி பத்து மணி வரைக்கும் சண்டைதான். கடைசியில் மூன்று விசயத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். நல்ல மரத்தில் முள் போடுவதில்லை. கருவியோ இடுப்புக் கயிறோ தோப்புக்காரர் தரவில்லையென்றால் 40 அடிக்கு மேல் ஏறுவதில்லை. கீழே நின்று மூங்கிலில் அரிவாள் கட்டி எட்டுகிற வரைக்கும்தான் வெட்டு. கூலி இனிமேல் நாளுக்குத்தான், மரத்துக்கு அல்ல. இதை நாலு தோட்டத்தில் போய்ச் சொன்னார்கள். ஒருவர் சிரித்துவிட்டு வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டார். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். நாலாமவர், "மெசினு வேணா நான் வாங்கித் தர்றனப்பா, ஆனா அது என்ற சாளையிலதான் இருக்கோணும்" என்றார். இருக்கட்டுமுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அடுத்த வெட்டு தை மாதம்.